25,000 டாலர் பாண்ட் யாருக்குப் பாதுகாப்பு?

கலிபோர்னியாவில் வீட்டு வேலைக்கு வரும் காண்ட்ராக்டரின் வண்டியிலும் விசிட்டிங் கார்டிலும் மூன்று சொற்கள் சேர்ந்தே இருக்கும்: லைசென்ஸ்டு, பாண்டட், இன்ஷூர்டு. லைசென்ஸ் எண்ணைப் பலரும் காண்ட்ராக்டர் வாரியத்தின் தளத்தில் தட்டிப் பார்த்துவிடுகிறார்கள். இன்ஷூரன்ஸ் சான்றிதழைச் சிலர் கேட்டு வாங்குகிறார்கள். பாண்ட் இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் “இருக்கிறது” என்ற பதிலே போதுமானதாகிவிடுகிறது. எவ்வளவுக்கு, யார் பெயரில், எதற்கெல்லாம், இன்னும் எத்தனை பேருக்கு அதில் பங்கு என்று யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. சான் ஹோசேயிலும் ஃப்ரீமான்ட்டிலும் கிச்சனை இடித்துக் கட்டுவதற்கோ, கொல்லைப்புறத்தில் சின்ன வீடு ஒன்று எழுப்புவதற்கோ லட்சக்கணக்கான டாலருக்குக் கையெழுத்துப் போடும் நம்மவர்கள் பலர், வேலை நின்றுபோனால் அந்த பாண்ட் வந்து தாங்கிக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைதான் அவர்களை முன்பணம் கொடுக்க வைக்கிறது என்பது என் கருத்து. தாங்காத ஒன்றைத் தாங்கும் என்று நினைத்துச் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கோடு சொல்லவே இதை எழுதுகிறேன்.

பாண்ட் இன்ஷூரன்ஸ் கிடையாது. ஊரில் ஒருவர் வங்கிக் கடன் வாங்கும்போது இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறாரே, அந்த வகை. கடன்காரர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் கட்டுவார். கட்டியதைக் கடன்காரரிடமிருந்து வசூலிப்பார். இங்கே ஜாமீன்தாரர் ஷ்யூரிட்டி நிறுவனம். பாண்ட் எடுக்கும்போதே காண்ட்ராக்டர் ஓர் ஈட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். கம்பெனி என்றால் உரிமையாளர் தனிப்பட்ட முறையிலும், பல நேரங்களில் அவருடைய மனைவியோ கணவரோ சேர்ந்தும் கையெழுத்திட வேண்டியிருக்கும். ஷ்யூரிட்டி உங்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரையும், வக்கீல் செலவோடு சேர்த்து, அவர்களிடம் திருப்பிக் கேட்கும். அதனால் ஷ்யூரிட்டி நிறுவனம் உங்கள் கோரிக்கையைப் பார்க்கும் விதமே வேறு. மோதிய காருக்கு உங்கள் சொந்த இன்ஷூரன்ஸ் காசு கொடுப்பது போல அது கொடுக்காது. காண்ட்ராக்டரைக் கேட்கும், அவர் தரப்பைப் பதிவுசெய்யும், அவர் மறுத்தால் “இது உண்மையான தகராறு, நீதிமன்றத் தீர்ப்போடு வாருங்கள்” என்று எழுதிவிடவும் கூடும்.

இன்னொன்று. லைசென்ஸ் பாண்ட் கொடுக்கும்போது ஷ்யூரிட்டி எதைச் சோதிக்கிறது? பெரும்பாலும் கிரெடிட் ஸ்கோரை மட்டும். நல்ல ஸ்கோர் உள்ளவருக்குப் பிரீமியம் பாண்ட் தொகையில் ஏறக்குறைய 1 சதவீதத்திலிருந்து தொடங்கும், மோசமான ஸ்கோருக்கு அது பல மடங்காகும். அவர் போட்ட டைல் நேராக இருக்கிறதா, பாத்ரூம் தரைக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்தாரா, சென்ற வருடம் எத்தனை வேலையைப் பாதியில் விட்டார் என்பதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. “பாண்டட்” என்றால், கொடுத்த பணத்தை இவரிடமிருந்து திரும்ப வாங்கிவிடலாம் என்று ஒரு நிறுவனம் கணித்திருக்கிறது. வேலைத் தரத்துக்கு அது சான்று ஆகாது.

ஒரே தொகை, பல கைகள்

கலிபோர்னியாவில் இந்த பாண்ட் தொகை 2016-இல் 12,500 டாலரிலிருந்து 15,000 ஆனது. 2023 ஜனவரி 1 முதல் 25,000. தனி ஆளாகக் கதவு பொருத்துபவருக்கும் 25,000, ஒரே நேரத்தில் 40 வீடுகளில் வேலை நடத்தும் நிறுவனத்துக்கும் அதே 25,000. வேலையின் அளவோடும் உங்கள் ஒப்பந்தத் தொகையோடும் அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) அமைப்பாக லைசென்ஸ் வாங்கியவர்கள் கூடுதலாக 100,000 டாலர் பாண்ட் வைக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது அவர்களுடைய தொழிலாளர்களின் கூலிக்கானது. அந்த எண்ணைக் காட்டி ஒருவர் உங்களுக்குத் தைரியம் சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

25,000 என்பது ஒரு புகாருக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பு இல்லை. அந்த பாண்டின் மேல் வரும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்து இருக்கும் மொத்தப் பணமே அவ்வளவுதான். தொழில் மற்றும் பணிகள் சட்டத்தின் பிரிவு 7071.5 யார் யார் கேட்கலாம் என்று வரிசைப்படுத்துகிறது: தான் குடியிருக்கும் வீட்டில் வேலை கொடுத்த வீட்டுக்காரர், விற்பனைக்கு அல்லாமல் தனி வீடு கட்டக் கொடுத்தவர், காண்ட்ராக்டரின் வேண்டுமென்றே செய்த விதிமீறலாலோ மோசடியாலோ பாதிக்கப்பட்ட எவரும், கூலி கிடைக்காத தொழிலாளி, அந்தத் தொழிலாளியின் சலுகை நிதிகள். இதில் முதல் வகைக்கு மட்டும் ஒரு முன்னுரிமை உண்டு. மற்ற எல்லா வகையினருக்கும் சேர்த்து 7,500 டாலருக்கு மேல் போகக் கூடாது. மீதி குடியிருக்கும் வீட்டுக்காரர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

இதிலிருந்து நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று வருகிறது. இரண்டாவதாக வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் வீடு உங்கள் குடும்பம் குடியிருக்கும் வீடு ஆகாது. அந்த வீட்டின் பாத்ரூமைப் பாதியில் விட்டுவிட்டு ஒருவர் போனால், நீங்கள் முதல் வகையில் வரமாட்டீர்கள். வேலை மோசம் என்று நிரூபித்தால் போதாது, வேண்டுமென்றே விதியை மீறினார் அல்லது ஏமாற்றினார் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் அந்த 7,500-க்குள்தான், அதுவும் மற்றவர்களோடு பங்கு போட்டு. வாடகை வீட்டு வேலைக்கு லைசென்ஸ் பாண்டை நம்பி ஒரு டாலர்கூட முன்னால் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கிச்சன் கணக்கு

80,000 டாலருக்கு ஒரு கிச்சனும் பாத்ரூமும் பேசி முடித்ததாக வைத்துக்கொள்வோம். காண்ட்ராக்டர் கேபினட் ஆர்டர் செய்ய வேண்டும், கவுண்டர்டாப் கல் புக் செய்ய வேண்டும் என்று சொல்லிச் சொல்லி 62,000 வாங்கிவிட்டார். இடிப்பு, பிளம்பிங், எலக்ட்ரிகல், பாதி டிரைவால் வரை வேலை நடந்திருக்கிறது. பிறகு ஆள் வருவதில்லை, போன் எடுப்பதில்லை. மீதியை முடிக்கவும் தப்பாகச் செய்ததைத் திருத்தவும் இன்னொரு லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் 55,000 கேட்கிறார்.

உங்கள் நஷ்டம் என்ன? பலர் 62,000 என்பார்கள், சிலர் 55,000 என்பார்கள். ஷ்யூரிட்டியின் கோரிக்கை அதிகாரி போடும் கணக்கு இது: கொடுத்தது 62,000, முடிக்கத் தேவை 55,000, கூட்டினால் 117,000. ஒழுங்காக நடந்திருந்தாலும் 80,000 செலவாகியிருக்கும். கழித்தால் நஷ்டம் 37,000. இந்தக் கணக்கை நீங்களே போட்டு, ஆதாரங்களோடு அனுப்பினால் பாதி வாதம் குறையும்.

இனி அந்த 37,000-க்கு 25,000 வருமா? உங்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டுப் போனவர் பெரும்பாலும் மற்ற வீடுகளையும் விட்டுவிட்டுத்தான் போயிருப்பார். பணச் சுழற்சி உடையும்போது ஒரு வீட்டில் மட்டும் உடைவதில்லை. ஒரு வீட்டின் முன்பணத்தில் இன்னொரு வீட்டின் வேலையை ஓட்டிக்கொண்டிருந்தவர் என்றால் எல்லாம் ஒரே மாதத்தில் நிற்கும். இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் 50,000-க்கும் 63,000-க்கும் கோரிக்கை வைத்தால் மொத்தம் 150,000. பாண்ட் தொகை போதாதபோது கோரிக்கைகளின் விகிதப்படி பிரிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஷ்யூரிட்டி 25,000-ஐ நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, நீங்களே பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. உங்கள் பங்கு அந்த 25,000-இல் 150-க்கு 37 என்ற வீதம், அதாவது சுமார் 6,167 டாலர். இழந்ததில் ஆறில் ஒரு பங்கு.

மூன்று வீட்டுக்கே இப்படி. 2024-இல் சாக்ரமெண்டோ வட்டாரத்தில் கொல்லைப்புற வீடுகள் கட்டிவந்த நிறுவனம் ஒன்று வேலையை நிறுத்தித் திவால் மனு போட்டபோது நூற்றுக்கணக்கான வீட்டுக்காரர்கள் நடுவில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் ஒரு லைசென்ஸ் பாண்ட் எதைக் காப்பாற்றும்?

கூடுதலாக ஒரு 25,000 இருக்க வாய்ப்புண்டு, அதைப் பலர் தேடுவதில்லை. காண்ட்ராக்டர் நிறுவனத்தின் லைசென்ஸுக்குத் தகுதி கொடுப்பவர், அதாவது தேர்வு எழுதி அனுபவம் காட்டியவர், அந்த நிறுவனத்தில் 10 சதவீத உரிமைகூட இல்லாதவர் என்றால் அவர் பெயரில் தனியாக ஒரு 25,000 டாலர் பாண்ட் இருக்க வேண்டும். வாரியத்தின் தளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டால் இரண்டு பாண்டும் தனித்தனியாகத் தெரியும்: ஷ்யூரிட்டி நிறுவனத்தின் பெயர், பாண்ட் எண், தொகை, அமலுக்கு வந்த தேதி. கூடவே பழைய பாண்டுகளின் வரலாறும் இருக்கும். இந்த வரலாறு முக்கியம். தவறு நடந்த தேதியில் எந்த ஷ்யூரிட்டி பொறுப்பில் இருந்ததோ அந்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். இன்று பக்கத்தின் மேலே தெரியும் பெயருக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, “அப்போது நாங்கள் இல்லை” என்ற பதிலை வாங்குவதில் பயன் இல்லை.

கோரிக்கை எங்கே உடைகிறது

பெயரில்தான் அதிகம் உடைகிறது. லைசென்ஸ் ஒரு கார்ப்பரேஷன் பெயரில், ஒப்பந்தம் வேறொரு வியாபாரப் பெயரில், செக் ஒரு தனி மனிதர் பெயரில், அல்லது பணம் ஃபோன் ஆப் வழியாக அவருடைய மைத்துனர் கணக்குக்கு. இப்படி இருந்தால், லைசென்ஸ் உள்ளவரோடு உங்களுக்கு ஒப்பந்தமே இல்லை என்று ஷ்யூரிட்டி சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். ஒப்பந்தத்தின் தலைப்பில் உள்ள பெயர், லைசென்ஸ் எண், பாண்டில் உள்ள பெயர், செக்கில் எழுதும் பெயர், நான்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது, யார் முதலில் ஒப்பந்தத்தை மீறினார்கள் என்ற கேள்வி. கோபத்தில் பணத்தை நிறுத்திவிட்டு, பூட்டை மாற்றிவிட்டு, மறுநாளே வேறு ஆளைக் கூட்டிவந்து இடிக்கச் சொல்பவர்கள் தங்கள் ஆதாரத்தைத் தாங்களே இடிக்கிறார்கள். முதலில் எழுத்தில் அறிவிப்பு: எது முடியவில்லை, எது தவறு, எந்தத் தேதிக்குள் வர வேண்டும். பிறகு ஒவ்வொரு சுவரையும் தரையையும் படம் எடுப்பது, நகராட்சியின் இன்ஸ்பெக்‌ஷன் கார்டைப் படம் எடுப்பது. பிறகு இன்னொரு லைசென்ஸ் உள்ளவரிடம் எழுத்துபூர்வ எஸ்டிமேட். அதில் “முடிக்க இவ்வளவு, திருத்த இவ்வளவு” என்று பிரித்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வேறு ஆள். வாயால் சொன்ன கூடுதல் வேலைகளும் இங்கே தலைவலி: “ஐலண்டைக் கொஞ்சம் நீட்டிவிடுங்கள்” என்று சொன்னதற்குக் கையெழுத்துப் போட்ட மாற்று ஆணை இல்லாவிட்டால், தாமதத்துக்கும் செலவுக்கும் அதையே காரணம் காட்டுவார்கள்.

பாண்ட் எல்லா அதிருப்திக்கும் பொறுப்பேற்காது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் சட்டத்தை மீறியிருக்க வேண்டும்: காரணமில்லாமல் வேலையைக் கைவிடுவது, வரைபடத்தையும் தொழில் தரத்தையும் விட்டு விலகுவது, உங்கள் வேலைக்கென வாங்கிய பணத்தை வேறிடத்துக்குத் திருப்புவது போன்றவை. டைலின் நிறம் நினைத்தபடி இல்லை என்பதற்கு எதுவும் வராது. காலக்கெடுவும் உண்டு, தவறு நடந்த லைசென்ஸ் காலம் முடிந்து இரண்டு வருடத்துக்குள் பாண்டின் மேல் வழக்குப் போட வேண்டும். வாரியத்துக்குப் புகார் கொடுப்பது இதற்குப் பதிலாகாது. வாரியம் லைசென்ஸின் மேல் நடவடிக்கை எடுக்கும், சமரசத்துக்கும் மத்தியஸ்தத்துக்கும் வழிசெய்யும். ஷ்யூரிட்டிக்கான கோரிக்கையை நீங்களே தனியாக அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குவது நல்லது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம் என்றாலும், ஷ்யூரிட்டி நிறுவனத்தை எதிர்த்து அங்கே கேட்கக்கூடிய தொகை அதைவிடக் குறைவு.

கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வரி

இவ்வளவையும் பார்த்த பிறகு, பாண்ட் என்பதே வீண் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால் இன்னொரு வகை பாண்ட் இருக்கிறது. அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒவ்வொரு வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தத்திலும் அச்சிட்டிருக்க வேண்டும், அதுவும் கையெழுத்துப் போடும் இடத்துக்கு அருகிலேயே. அதே சட்டத்தின் பிரிவு 7159 அப்படித்தான் கட்டாயப்படுத்துகிறது. பெர்ஃபார்மன்ஸ் அண்ட் பேமெண்ட் பாண்ட் வைக்கும்படி காண்ட்ராக்டரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதே அந்த வரி. டாக்குசைன் என்ற மின்கையெழுத்துச் செயலியில் மஞ்சள் அம்புக்குறி காட்டும் இடத்தையெல்லாம் தட்டிக்கொண்டு போகும்போது இந்த வரியைக் கடந்துதான் போகிறோம்.

லைசென்ஸ் பாண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் பெரியது. இது உங்கள் ஒரு வேலைக்கு மட்டுமானது. ஒப்பந்தம் 80,000 என்றால் பாண்டும் 80,000-க்கு எடுக்கலாம். வேறு எந்த வீட்டுக்காரரும் அதில் கை வைக்க முடியாது. வேலையை முடித்துத் தருவது ஒரு பாதி, சப்-காண்ட்ராக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பணம் போய்ச் சேர்வது மறு பாதி. ஆனால் அதற்கும் மேலே ஒரு நன்மை இருக்கிறது. இந்த பாண்டை எழுதும் முன் ஷ்யூரிட்டி கிரெடிட் ஸ்கோரோடு நிற்காது. நிறுவனத்தின் நிதி அறிக்கையைக் கேட்கும், வங்கியில் கடன் வசதி எவ்வளவு என்று பார்க்கும், இப்போது கையில் எத்தனை வேலை, ஒவ்வொன்றும் எந்த நிலையில், இதுவரை முடித்ததில் பெரியது எது என்று கேட்கும். 40,000 டாலருக்கு மேல் ஒரு வேலையும் முடிக்காதவர் 300,000 டாலருக்குக் கொல்லைப்புற வீடு கட்டப் போகிறேன் என்றால் ஷ்யூரிட்டி தயங்கும். நீங்கள் விசாரிக்க முடியாததை, பணத்தைப் பணயம் வைக்கும் ஒருவர் உங்களுக்காக விசாரிக்கிறார்.

செலவு? வேலை அளவையும் காண்ட்ராக்டரையும் பொறுத்து ஒப்பந்தத் தொகையில் 1 முதல் 3 சதவீதம் என்பது வழக்கமான அளவு. 80,000-க்கு 800 முதல் 2,400 டாலர். அதை நீங்கள்தான் ஏதோ ஒரு வகையில் கொடுப்பீர்கள். கவுண்டர்டாப்பில் ஓரத்து வடிவத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் எனக்கு இது அதிகமாகத் தெரியவில்லை. எஸ்டிமேட் வாங்கும் கட்டத்திலேயே கேட்க வேண்டும், விலை பேசி முடித்த பிறகு அல்ல: “பெர்ஃபார்மன்ஸ் பாண்டோடு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு, எந்த ஷ்யூரிட்டி எழுதும்?” இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

நேர்மையான சின்னக் காண்ட்ராக்டர்கள் பலரால் இதைக் கொடுக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல கைவேலை தெரிந்த, இரண்டு மூன்று ஆட்களோடு வேலை செய்யும் ஒருவரிடம் தணிக்கையாளர் பார்த்த நிதி அறிக்கை இருக்காது. “முடியாது” என்று அவர் சொன்னால் அது குற்றம் ஆகாது. ஆனால் அவரிடம் வேலை கொடுப்பதென்றால், உங்கள் பாதுகாப்பு முழுவதும் பணம் கொடுக்கும் வரிசையில் மட்டுமே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

ஆயிரம் டாலர் விதி

முன்பணத்துக்கு கலிபோர்னியா வைத்திருக்கும் வரம்பு ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அது. 80,000 டாலர் வேலைக்கும் 1,000தான், 300,000 டாலர் வேலைக்கும் 1,000தான். ஆர்டர் கொடுத்துச் செய்யவேண்டிய கேபினட், ஜன்னல் எதற்கும் விலக்கில்லை. முழு வேலைக்கும் பெர்ஃபார்மன்ஸ், பேமெண்ட் பாண்ட் வைத்தவருக்கும், தன் எல்லா வேலைகளுக்கும் சேர்த்து வாரியம் ஏற்ற மொத்த பாண்ட் உள்ளவருக்கும் இந்த வரம்பு இல்லை. சட்டமே இங்கே ஒரு பேரத்தை வைத்திருக்கிறது: அதிக முன்பணம் வேண்டுமா, உண்மையான பாண்டைக் கொடு. 25,000 டாலர் லைசென்ஸ் பாண்ட் அந்த விலக்கை வாங்கித் தராது. அதற்கப்புறம் கொடுக்கும் தவணைகளும், செய்து முடித்த வேலை மற்றும் வந்து இறங்கிய பொருளின் மதிப்பைத் தாண்டக் கூடாது. தாண்டிக் கேட்பதே குற்றம்.

80,000-க்கு வரிசை இப்படி இருக்கலாம்: கையெழுத்தில் 1,000, இடிப்பு முடிந்து குப்பை போனதும் 6,000, பிளம்பிங், எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்‌ஷன் தேறியதும் 14,000, டிரைவால் முடிந்ததும் 9,000, கேபினட் பொருத்தியதும் 22,000, கவுண்டர்டாப் வைத்ததும் 10,000, டைலும் தரையும் 9,000, இறுதி இன்ஸ்பெக்‌ஷன் தேறி, குறைப் பட்டியல் முடிந்ததும் 9,000. “இரண்டாம் வாரம் இவ்வளவு” என்று தேதியைக் கட்டிய தவணை வேண்டாம். தேதி தானாக வந்துவிடும், வேலை வராது.

கேபினட்டுக்குக் கடை முழுப் பணம் கேட்கிறது, என்னிடம் அவ்வளவு இல்லை என்று காண்ட்ராக்டர் சொல்வது பல நேரம் உண்மையே. அதற்கு வழி இருக்கிறது. கேபினட்டை உங்கள் பெயரில் நீங்களே கடையில் ஆர்டர் செய்யுங்கள். ஒப்பந்தத்திலிருந்து அந்தத் தொகையைக் கழித்துவிடுங்கள். அளவெடுப்பதற்குக் காண்ட்ராக்டரே பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரை அங்குலம் இடித்தாலும் பழி உங்கள்மேல் வரும். அல்லது கேபினட் வந்து இறங்கியதும், காண்ட்ராக்டர் பெயரும் கடையின் பெயரும் சேர்ந்த செக். இருவரும் கையெழுத்திட்டால்தான் பணமாகும்.

கடையின் பணத்தைப் பற்றி நீங்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்றால், காண்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் கடைக்காரரும் சப்-காண்ட்ராக்டரும் உங்கள் வீட்டின்மேல் மெக்கானிக்ஸ் லீன், அதாவது வராத பாக்கிக்காக வீட்டின்மேல் ஓர் உரிமை, பதிய முடியும். நீங்கள் முழுப் பணமும் கொடுத்துவிட்டிருந்தாலும்கூட. அவர்கள் 20 நாள் முன்னறிவிப்பு என்று ஒரு தபால் அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பயப்படுவதோ குப்பையில் போடுவதோ தவறு. உங்கள் வீட்டில் யார் யாருக்குப் பணம் போக வேண்டும் என்பதற்கு அதுவே பட்டியல். ஒவ்வொரு தவணையின்போதும் அந்தப் பட்டியலில் உள்ளவர்களிடமிருந்து லீன் உரிமையை விட்டுக்கொடுக்கும் நிபந்தனையுள்ள விடுவிப்புப் படிவம், செக் பணமானபின் நிபந்தனையற்ற விடுவிப்புப் படிவம். அது கைக்கு வராமல் அடுத்த செக் இல்லை. நம்பிக்கையின்மை என்று இதை நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் படிவங்களின் வாசகமே சிவில் சட்டத்தில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது, ஒழுங்காகத் தொழில் செய்பவர் யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

பாண்ட் தொகையை இன்னும் ஏற்ற வேண்டும் என்ற வாதம் அவ்வப்போது எழுகிறது. வாஷிங்டன் மாநிலம் 2024 ஜூலையில் பொது காண்ட்ராக்டர் பாண்டை 12,000-லிருந்து 30,000 டாலராகவும், தனித்தொழில் காண்ட்ராக்டர் பாண்டை 6,000-லிருந்து 15,000 ஆகவும் உயர்த்தியது. ஏற்றுவது தவறில்லை, ஆனால் எவ்வளவு ஏற்றினாலும் அது எல்லோரும் பங்குபோடும் ஒரே பானைதான். கிரெடிட் சரியில்லாத, ஆனால் வேலை தெரிந்த சின்ன ஆட்களை லைசென்ஸ் இல்லாத வேலைக்குத் தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. அரிசோனாவின் வழி எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கே வீட்டு வேலை செய்யும் காண்ட்ராக்டர்களிடம் வாங்கிய பணத்தில் ஒரு மீட்பு நிதி இருக்கிறது. பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர் ஒரு வீட்டுக்கு 30,000 டாலர் வரை அதிலிருந்து பெறலாம். பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஆளிடம் ஏமாந்தார் என்பதற்காக உங்கள் பங்கு அவ்வளவு எளிதில் 6,167 ஆகச் சுருங்குவதில்லை. கலிபோர்னியாவில் எல்லா வீட்டு வேலைக்குமான அப்படியொரு பொது நிதி இல்லை. இவ்வளவு வீட்டு வேலை நடக்கும் மாநிலத்தில் இது பெரிய குறை.

அது வரும்வரை, லைசென்ஸ் பக்கத்தைக் கையெழுத்து நாளன்று ஒரு தடவை பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். ஷ்யூரிட்டி பாண்டை ரத்துசெய்ய 30 நாள் அறிவிப்பு கொடுத்தால் போதும். பிரீமியம் கட்டாததாலும் ரத்தாகும், இன்னொரு வீட்டுக் கோரிக்கை போனதாலும் ரத்தாகும். புதிய பாண்ட் வராவிட்டால் லைசென்ஸ் நிறுத்திவைக்கப்படும். உங்கள் வீட்டில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இது நடக்கலாம். உங்களுக்குத் தபால் எதுவும் வராது. ரத்துத் தேதி ஒன்று பாண்ட் பகுதியில் முளைத்திருந்தால் அந்தக் காண்ட்ராக்டருக்கு எங்கோ பணம் இறுகுகிறது என்று அர்த்தம், அன்று செக் எழுதாமல் விளக்கம் கேளுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து, தேதியோடு சேமித்து வையுங்கள். பிறகு ஷ்யூரிட்டிக்கு எழுத நேர்ந்தால் எந்தத் தேதியில் எந்த பாண்ட் அமலில் இருந்தது என்பதற்கு அதுவே ஆதாரம். வேலை முழுவதும் முடிந்ததும் 15 நாளுக்குள் கவுண்டி பதிவகத்தில் நிறைவு அறிவிப்பைப் பதிந்துவிடுங்கள். லீன் போடும் அவகாசம் 90 நாளிலிருந்து காண்ட்ராக்டருக்கு 60 நாளாகவும், சப்-காண்ட்ராக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் 30 நாளாகவும் குறையும். அந்தக் கடைசி 9,000 டாலர் செக்கை எல்லா விடுவிப்புப் படிவங்களும் வந்த பிறகு எழுதுங்கள்.